டிசம்பர் ஐந்தாம் தேதி என்கிற வீடு

மாண்பமை தலைவர் சரோஜினி அம்மையார் அவர்களே! வெள்ளத்திலும் வேட்டி மடிப்புக் கலையாத செயலாளர் ராஜகோபால் அவர்களே! பீர்க்கன்கரணை ஏரியை வீட்டுக் கூடத்திலேயே தரிசித்த பெரியோர்களே! கட்டில்மேல் ஃப்ரிட்ஜையும், ஃப்ரிட்ஜ்மேல் மாமியாரையும் ஏற்றிக் காத்த தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும், புது எண் ஏழு, பழைய எண் மூன்றில் குடியிருக்கும் இந்த எளியவனின் வணக்கம்.

நான் பேசி முடித்ததும் ஏழாவது தீர்மானம் வாக்கெடுப்புக்கு வருகிறது. "நம் சங்கத்தின் செல்போன் ஆப்புக்குள் குடியிருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினை உடனே வெளியேற்ற வேண்டும்." மழைக்கு முன்பு போட்ட தீர்மானம். ஏரி நீரே வடிந்துவிட்டது. தீர்மானம் மட்டும் வடியவில்லை.

யார் இந்தக் குடித்தனக்காரர்? நம் ஆப்பை எழுதியவர் அஸ்தினாபுரம் ஜென்சி. செயலாளரோ உறுப்பினர் பட்டியலை எக்செல் ஃபைலில்தான் வைப்பார். அந்த ஃபைலைப் பிசகின்றிப் படிக்கும் நிரல் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் இருக்கிறது. நம் ஆப்போ வேறு மொழியில் எழுதப்பட்டது. ஆகவே, ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் சிறிய எஞ்சின் ஒன்றை ஆப்புக்குள்ளேயே குடிவைத்தார் ஜென்சி. நாம் ஜன்னல் வழியாக ஃபைலைக் கொடுப்போம். அது படித்துத் திருப்பித் தரும். தண்ணீர் கேட்டதா? பார்க்கிங் கேட்டதா? மொட்டைமாடிச் சாவி கேட்டதா?

ஆனாலும் செயலாளர் கேட்டார்: "ஏம்மா, நம்ம வீட்ல நாம இருந்தா போதாதா? உள்ள இன்னொரு ஆள் எதுக்கு? வெளிய நெட்ல ஓடட்டுமே."

"நெட் போனா அவரும் போயிடுவார் சார்."

"தாம்பரத்துல நெட் ஏம்மா போவுது?"

சிரிக்கிறீர்கள். அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை, கைதட்டினீர்கள்.

டிசம்பர் இரண்டாம் தேதி காலை. நெட் போனது. மின்சாரம் போனது. ஏரிக்கரைத் தெரு ஏரியாகவே போனது. பள்ளிக்கூட மாடியில் நாம் இருநூறு பேர். வாசலில் ஒரே படகு. கோவளத்திலிருந்து வந்த குப்பன் ஓட்டுகிறார். டீசல் ஒரு நடைக்கு மட்டும். முந்தின நாளே, உதவி தேவைப்படுவோர் பட்டியலைச் செயலாளர் எல்லோர் செல்போனுக்கும் அனுப்பியிருந்தார். அதைப் பார்த்து அவர் குப்பனுக்குப் படித்துச் சொன்னார்: "சுபத்ரா. நிறைமாசம். டிசம்பர் அஞ்சு. இன்னும் மூணு நாள் இருக்குப்பா, வயசானவங்களை முதல்ல கொண்டா."

"டேட்டு கீது சார், வூடு எங்க கீது? டோர் நம்பர் சொல்லு."

"எல்லாருக்கும் தேதிதாம்பா போட்டிருக்கு. இதோ, சுந்தரராமன், வயசு எண்பத்தொண்ணு. ஜூன் இருபத்துமூணு."

"இன்னா சார், பெருசுக்கும் ஜூன்ல டெலிவரியா?"

அந்த நேரத்திலும் மாடி சிரித்தது. ஜென்சி மட்டும் சிரிக்கவில்லை. "சார்... அது பிரசவத் தேதி இல்ல. கதவு நம்பர்."

புது எண்ணும் பழைய எண்ணும் நடுவில் ஒரு கோடு போட்டு எழுதுவது நம் ஊர் வழக்கம். எக்செலுக்கு நம் ஊர் தெரியாது. கோட்டைக் கண்டதும் தேதி என்று முடிவு கட்டி, உள்ளே நாற்பத்தைந்தாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு என்று எழுதி வைத்துக்கொண்டது. நம் தெருவில் அத்தனை கதவா? மாநகராட்சியே நினைத்தாலும் முடியாது!

செயலாளரின் முகம் வெளுத்தது. "அப்போ அந்தப் பொண்ணுக்கு எப்பம்மா?"

யாருக்குத் தெரியும்? அவள் தெருவுக்கு வந்து பதினைந்து நாள்தான், எந்த வீடு என்பதும் ஒருவருக்கும் தெரியாது. அவள் எழுதிக் கொடுத்த படிவம் சங்க அலுவலகத்தில், அலுவலகம் தண்ணீரில்.

ஆப்பைத் திருத்திக் கட்ட கம்ப்யூட்டர் வேண்டும், மின்சாரம் வேண்டும். ஆனால் உள்ளே இருக்கும் எஞ்சினுக்குப் புது வேலை சொல்ல எட்டு வரி நிரல் போதும். ஜென்சி செல்போனிலேயே அடித்தார். குடை பிடித்த பெருமை என்னுடையது. பட்டியல் முழுக்கத் தேதிகள் எண்களாகப் பிரிந்தன. சுபத்ராவுக்கு ஐந்து, பன்னிரண்டு. எது முன்னே, எது பின்னே? 5/12 தெருவின் மேற்குக் கோடி. 12/5 கிழக்குக் கோடி. நடுவில் ஆளை இழுக்கும் வெள்ளம். படகுக்கோ ஒரே நடை!

ஜென்சி குடைக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். "சார், உங்க வீட்டு நம்பர் என்ன?"

"ஏழு பை மூணு."

"மெம்பர் லிஸ்ட்ல நீங்க மார்ச் ஏழு. அப்போ முதல் நம்பர் தேதி, ரெண்டாவது மாசம். டிசம்பர் அஞ்சுன்னா 5/12. குப்பன் அண்ணா, மேற்கு!"

படகில் முதலில் குதித்தவர் யார்? நம் செயலாளர்! "நான் டைப் பண்ணதுப்பா, நானே வரேன்" என்றார். அங்கே சுபத்ராவுக்கு விடியற்காலையிலிருந்தே வலி. படகு திரும்பி ஐம்பதாவது நிமிடம், மூன்றாம் வகுப்பு 'பி' பிரிவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. தேதி, டிசம்பர் இரண்டு. நம் பட்டியலை நம்பியிருந்தால், இன்னும் மூன்று நாள் பொறு என்று அந்தக் குழந்தைக்குச் சொல்லியிருப்போம்!

இதோ, மூன்றாவது வரிசையில் அழுகிறாளே, அவள்தான். பேச்சு நீண்டுவிட்டது என்று சொல்லத் துணிந்தவள் இந்த அரங்கில் அவள் ஒருத்திதான். சுபத்ரா அம்மா, மேடைக்குக் கொடுங்கள். செயலாளர் கை நீட்டுகிறார்.

பெரியோர்களே! வெளியே இருந்ததெல்லாம் கைவிட்டபோது உள்ளே இருந்து உழைத்தது எது? செல்போன் கோபுரம் சாய்ந்தபோது சாயாமல், கம்பி அறுந்தபோது அறாமல், எட்டு வரிக்கு எழுந்து நின்றது எது? அதையா வெளியேற்றுவது? வீட்டு எண் எது, தேதி எது என்று தெரியாமல் பட்டியல் போட்ட நாமா, அதை வெளியே போ என்று சொல்வது?

ஏழாவது தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் தாராளமாகக் கை தூக்கலாம். செயலாளரால் மட்டும் முடியாது. அவருடைய இரண்டு கைகளிலும் குழந்தை இருக்கிறது.

ஏரிக்கரைத் தெரு, மார்ச் ஏழாம் தேதியிலிருந்து வந்தவனைப் பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி, வணக்கம்.