கழுத்தக் காட்டு

நிறுத்தாதீங்கண்ணா. போன் அடிச்சா அடிச்சுட்டுப் போகுது. எங்க மாமியாதான். உங்களுக்கும் அடிப்பாங்க, நீங்களும் எடுக்காதீங்க. அருவங்காட்டுல ஏத்துனீங்க, கோயமுத்தூர் ஏர்ப்போர்ட்ல எறக்கி உடுங்க. உங்களுக்கு அவ்வளவுதான் வேலை.

என்னது, நாளைக்குக் காரியத்த வெச்சுட்டு இன்னிக்குப் போறதான்னா? ஓ, அது உங்களுக்கும் தெரியுமா. டாக்சி ஸ்டேண்டு பூராவும் தெரிஞ்சிருக்கும்போல. ஆமாங்க, எம் புருசன் பாலமுருகன் செத்துட்டாரு. அயர்லாந்துலயே எரிச்சு, சாம்பலக் கொண்டாந்து பவானியில கரைச்சாச்சு. அது வரைக்கும் ஒரு மொறையையும் நான் வேண்டாங்கலை. ஆனா நாளைக்கு இவங்க பண்ணப் போறது இருக்குதே, அதுக்கு என்னால உக்கார முடியாது. முடியாதுன்னா முடியாதுதான்.

சொல்றேன் கேளுங்க. எனக்கு அங்க ஆஸ்பத்திரியில எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கற வேலைங்க. அந்த மிஷினே பெரிய காந்தம். வாட்ச்சு, வளையல், செயினு, எதுவும் போட்டுட்டு உள்ள போவக்கூடாது. தாலியுந்தான். பொண்ணு பாக்க வந்தப்பவே எங்கப்பா இதைய வெளக்கமாச் சொன்னாரு. அப்பத் தலைய ஆட்டுனாங்களே! ஃபாரின் வேலைக்காரப் பொண்ணுன்னுதான வந்தாங்க? என் விசாவுலதாங்க அவங்க பையனே பிளேன் ஏறுனாரு.

அப்புறம் பாத்தா, ஞாயித்துக்கெழமையானா மாமியா வீடியோ கால். சாப்டியா, தூங்குனியா, ஒண்ணும் கெடையாது. கழுத்தக் காட்டு. டியூட்டி முடிஞ்சு அப்பத்தான் ஊட்டுக்குள்ள கால் வெச்சிருப்பேன், ஷூவக்கூடக் கழட்டியிருக்க மாட்டேன். கழுத்தக் காட்டு! நங்கையா சுஜாதா, அதாங்க அவரோட அக்கா, அவங்க பக்கத்துல உக்காந்துட்டு, போன வாரமும் இல்லையேம்மான்னு எடுத்துக் குடுப்பாங்க. மஞ்சக் கயித்துல கோத்துப் போட்டுக்கன்னு யோசனை வேற. ஏங்க, கயித்துல கோத்தா தங்கம் மரமாயிருமா? அதுக்கும் முடியாதுன்னா வேலைய உட்டுருன்னாங்க. நான் எதுக்குங்க உடோணும்? படிச்சு, பரீச்சை எழுதி, ஊரு பேரு தெரியாத எடத்துல தனியா நின்னு புடிச்ச வேலை. அவரு ஒரு நாளும் உடச் சொல்லலை. கழுத்து பத்திரமா இருக்குதும்மா, வையின்னு சிரிச்சுட்டுப் போனை வாங்கி வெச்சுருவாரு. நான் கை கால் கழுவிட்டு வந்தா அவரேதான் தாலிய எடுத்து மாட்டி உடுவாரு. அது எங்க ரெண்டு பேருத்துக்குள்ள. இவங்களுக்கு அதெல்லாம் எங்கிருந்து தெரியும்?

இப்ப என்ன பேசறாங்க தெரியுங்களா? நான் கழட்டிக் கழட்டி வெச்சதுலதான் அவரு போயிட்டாராமா. மூளையில கட்டி வந்து செத்த மனுசனுக்கு நான்தான் எமனாமா. வந்த சனமெல்லாம் என் காதுபடவே பேசுது.

நேத்து என் பொட்டியத் தொறந்து துணியெல்லாம் வாரிப் போட்டுத் தேடுறாங்க. காரியத்தன்னிக்கு எடுக்கறதுக்குத் தாலி வேணுமில்லீங்களா. கொண்டாரலைன்னேன். அதுக்கு என்ன பண்ணுனாங்கன்னு நெனைக்கறீங்க? குன்னூருக்குப் போயி புதுசா ஒண்ணு வாங்கியாந்துட்டாங்க! மஞ்சக் கயித்துல கோத்து வெச்சுட்டு, இன்னிக்கு நங்கையா கட்டி உடட்டும், நாளைக்கு எல்லாத்துக்கும் முன்னாடி அறுத்துக்கலாங்கறாங்க. கேட்டீங்களா அநியாயத்த! அறுக்கறதுக்குன்னே ஒரு தாலி! உயிரோட இருந்தப்ப ஏன் போடலைன்னு கத்துனவங்க, இப்ப ஏன் கழட்ட ஒண்ணுமில்லைன்னு கத்துறாங்க. என் கழுத்து என்ன இவங்க கொடி கட்டற கம்பமா? எனக்குக் கட்டுனது ஒருத்தருங்க. இன்னொரு கை கிட்ட வரக்கூடாதுன்னேன். கேக்காம நங்கையா கயித்தோட வந்தாங்க. தட்டி உட்டேன். அது போயி பாத்திரம் வெளக்கற எடத்துல விழுந்துச்சு. ஊடே கூச்சல் போட்டுச்சு. பையத் தூக்கிட்டு எறங்கிட்டேன்.

பர்லியாறு வந்துருச்சா? எனக்கு டீ வேண்டாங்க. நீங்க வேணும்னா குடிச்சுட்டு வாங்க. வேண்டாமா? சரி, ஓட்டுங்க.

எதுங்க, அந்தப் பழைய தாலியா? தொலைக்கலை, விக்கலை. அவருக்கு மொத மொதல்ல தலவலின்னு ஸ்கேன் எழுதுனாங்க பாருங்க, எங்க ஆஸ்பத்திரியிலதான். கூட வேலை பாக்கற புள்ளை, நான் எடுக்கறேன், நீ வெளிய இருன்னுச்சு. நீயே எடு, தெரிஞ்ச கையின்னு அவருதான் புடிவாதம் புடிச்சாரு. எப்பவும்போலத் தாலியக் கழட்டி லாக்கர்ல வெச்சுட்டு, அவரப் படுக்க வெச்சு, நானேதாங்க எடுத்தேன். மொதப் படத்துலயே தெரிஞ்சுருச்சு. டாக்டரு பாக்கறதுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சுருச்சு. எந்திரிச்சு வந்தவரு என் மூஞ்சியப் பாத்தாரு. தாலிய எடுத்துட்டு வா, மாட்டி உடறேன், ஊட்டுக்குப் போலாம்னாரு.

அன்னிக்கு லாக்கரத் தொறக்க எனக்குக் கை வரலீங்க, அதுக்கப்புறமும் வரலை. இன்னும் அங்கதான் கெடக்குது. போயித் தொறக்கோணும். கொஞ்சம் வெரசா ஓட்டுங்கண்ணா.