கம்பியின் மேல் வளர்ந்த தோல்

இல்லை அக்கா. அந்த மாத்திரை காரணமல்ல.

மேடையில் இருக்கும் பெரியவர்களுக்கும், நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் உங்களுக்கும் வணக்கம். பதிலை முந்திச் சொன்னதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். கேள்வி, மறைந்த நம் இதயப் பிரிவுத் தலைவரின் மனைவியுடையது. சற்றுமுன் வாசலில் என் கையைப் பிடித்துக் கேட்டார்.

"இவருக்குப் பல்லு எடுத்த அன்னைக்கு ரத்தம் நிக்கல. பல் டாக்டரத் திட்டித் தீர்த்தேன். அப்புறம் ரத்தம் உறையாம இருக்க இவரு போடுற மாத்திரைய நானே ரெண்டு வேளை ஒளிச்சு வச்சேன். டாக்டருக்கே வைத்தியம் பாத்தேன்மா. அதனாலதானே போயிட்டாரு?"

இல்லை என்றேன்.

"தனியா சொன்னா ஆறுதலுக்குச் சொல்றேன்னுதான் நினைப்பேன். மேடையில சொல்லு. உட்கார்ந்திருக்கிறது பாதிப் பேரு டாக்டருங்க. பொய்னா அங்கயே பிடிச்சுருவாங்க."

அதனால் இங்கே சொல்கிறேன்.

போன வருடம் சாருடைய இதயக் குழாயில் அடைப்பை விரித்துப் பிடிக்கும் கம்பிவலையான ஸ்டென்ட் வைத்தது நான். எந்த நோயாளிக்கும் வைத்த அன்றே யாராவது "சரியாகிவிட்டது" என்றால் அவருக்குப் பிடிக்காது. ஒரு குழாய் பழுதுபார்ப்பவர் நம் நோயாளி. அவர் கேட்டார்: "நானும் பைப் வேலைதான் பாக்குறேன் சார். தண்ணி ஓடுச்சுன்னா கிளம்பிடுவேன். நீங்க மட்டும் ஏன் திரும்பத் திரும்பக் கூப்பிடுறீங்க?"

"உங்க பைப்புக்கு உயிர் இல்லையே அண்ணே. இது ஆறணும்" என்றார் சார்.

ஆறுவது எது? வெறும் கம்பியில் ரத்தம் உறையும். அதற்குத்தான் மாத்திரை. மெல்ல, குழாயின் உள்தோல் கம்பிமேல் வளர்ந்து மூடும். மூடினால் போதுமா? போதாது என்பார். கம்பி விரியாது, அதை அடுத்த குழாய் விரிய வேண்டும். மாடி ஏறும்போது கூடுதல் ரத்தம் விட வேண்டும். "மூடிக்கிச்சான்னு மட்டும் பாக்காத. வேலை செய்யுதான்னு பாரு." மறுபரிசோதனைக்கு வந்தபோது தன் குழாயையும் அப்படித்தான் சோதிக்கச் சொன்னார். மருந்து செலுத்தினோம். விரிந்தது. படுத்தபடியே திரையைப் பார்த்தவர், "பரவாயில்லையே, எனக்கும் ஆறுது" என்றார்.

அவர் உயிரைப் பறித்தது இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி. அதன் சுவர் கிழிந்துவிட்டது. அது வேறு குழாய். வேறு நோய். அந்த மாத்திரை அதைத் தடுத்திருக்காது. பிரேதப் பரிசோதனையில் எடுத்த ஸ்டென்ட்டை இன்று காலை நுண்ணோக்கியில் நானே பார்த்தேன். ரத்த உறைகட்டி இல்லை. ஒரு கம்பிகூட வெறுமையாக இல்லை. எல்லாவற்றின் மேலும் தோல்.

நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நிம்மதியாக இருந்தது. இரங்கல் கூட்டத்தில் சொல்லக் கூடாத சொல்லா அது? அக்காவின் கை அவரைக் கொல்லவில்லை. என் கையும் கொல்லவில்லை. இதை அவரால் கேட்க முடிந்திருந்தால், துக்கத்தை விட்டுவிட்டுப் படத்தைக் காட்டு என்றிருப்பார்.

ஆனால் ஒன்று. மாத்திரையை ஒளித்ததற்கு மட்டும் கோபித்திருப்பார். யாரும் உங்களாக நிறுத்தாதீர்கள். அவர் சார்பில் இதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர் நடத்திய மறுபரிசோதனை நாள் நிற்காது. ஸ்டென்ட் வைத்ததோடு யாரையும் அனுப்பிவிட மாட்டோம். திரும்பக் கூப்பிடுவோம். சலித்துக்கொண்டாலும் கூப்பிடுவோம். ஆறும் வரை பார்ப்போம்.

கூட்டம் கலைந்ததும் அக்கா வராந்தாவில் நின்று பல் மருத்துவருக்கு ஃபோன் செய்து மன்னிப்புக் கேட்டார். பிறகு வீட்டுக்குப் போய்த் தூங்கினார்.