யாரும் சொல்லாமல் இறங்கிய சுவர்

ஈடித்: காபி கிடக்கட்டும் நோரீன். மதிய ஆட்டத்துல அந்த மேஜை விளக்கைப் போட்டது யாரு?

நோரீன்: வேற யாரு? விளக்குப் பலகையில நான்தானே உக்காந்திருக்கேன்! மேடையில நடிக்கற லீடியா விளக்குச் சங்கிலியை இழுப்பா, நான் இங்க பொத்தானை அமுக்குவேன். பாக்கறவங்களுக்கு அவளே போட்ட மாதிரி இருக்கும்.

ஈடித்: யார் சொல்லி அமுக்கினே?

நோரீன்: நீ... சொல்லித்தான்.

ஈடித்: நான் சொல்லலையே.

ஸ்டான்: சொன்னியே தாயே. என் காதுலயும் விழுந்துச்சே.

ஈடித்: ஓஹோ. என்ன விழுந்துச்சு ஸ்டான்?

ஸ்டான்: அதான்... வழக்கமா சொல்றது.

ஈடித்: கடைசிக் காட்சி முழுக்க நான் வாயையே திறக்கல.

நோரீன்: காபி ஆறுது ஈடித்.

ஈடித்: ஆறித் தொலையட்டும்! மேடை மேனேஜர் சொல்லாம இந்தத் தெருவுல எந்தத் தியேட்டர்லயாவது ஒரு விரல் அசையுமா? இங்க என்னடான்னா விளக்கு எரியுது, இவன் மேலேருந்து கயித்துல செட்டுச் சுவரை இறக்கறான்... நானே சொல்லிட்டு மறந்துட்டேனா? எனக்குப் பைத்தியம் கியித்தியம் பிடிச்சிருச்சா?

ஸ்டான்: பழைய தியேட்டர்... பேய் உலாவுதுன்னு சொல்வாங்க.

ஈடித்: பேய்க்கு யூனியன் கார்டு இருக்கா?

ஸ்டான்: இல்லேன்னா நான் கயிறைத் தொட விடுவேனா?

நோரீன்: போதும் ஸ்டான். சொல்லிடலாம்.

ஸ்டான்: வாயை மூடு.

நோரீன்: இன்னும் எத்தனை நாளைக்கு மூடறது? ஈடித்... நீ சொல்றதைக் கேட்டு நாங்க எதுவும் செய்யறதில்ல. கொஞ்ச நாளாவே. நான் லீடியா கையைப் பாத்து விளக்குப் போடறேன். இவன் மேடையில நடிக்கற பென் எங்க நிக்கறான்னு பாத்துச் சுவரை இறக்கறான்.

ஈடித்: என்னது?

ஸ்டான்: போன மாசம் நீ "இறக்கு"ன்னே. பென் நேரா அடியில நின்னுட்டிருந்தான். அரை டன் சுவர், ஈடித்! பிடிச்ச கையை விடல நான். அவன் நகர்ந்தப்புறம்தான் இறக்கினேன். ஏன் லேட்டுன்னு நீ கத்தினே.

ஈடித்: கயிறு சிக்கிக்கிச்சுன்னியே!

ஸ்டான்: புளுகு.

ஈடித்: அட பாவிங்களா... எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

நோரீன்: எப்படிச் சொல்றது? உன் புருஷன் லியோவை அடக்கம் பண்ணி வந்த ஈரம்கூடக் காயல. மனசு சரியில்ல, தன்னால தெளிஞ்சிடும்னு நினைச்சோம். சொன்னா வேலையை விட்டுட்டுப் போயிடுவியோன்னு பயம்.

ஸ்டான்: நீ இல்லாம இங்க யார் திட்டுவா எங்களை?

ஈடித்: அதுக்காக... பெரிய ஆளுங்கடா நீங்க.

நோரீன்: எங்க குட்டு உடைஞ்சுது. இப்ப நீ சொல்லு. இன்னிக்கு ஏன் வாயைத் திறக்கல? எங்களைச் சோதிச்சியா?

ஈடித்: சோதனையும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் மேஜையில மேடையைக் காட்டற டிவித் திரையில பென்னைத் தேடினேன்... காணோம். சுவரை இறக்கச் சொல்ல நாக்கு எழல. யாராவது அலறுவாங்களோன்னு காதைத் தீட்டிக்கிட்டே உக்காந்திருந்தேன். சுவர் தானா இறங்குது... எல்லாரும் கை தட்டறாங்க...

ஸ்டான்: பென்னைக் காணோமா? நடு மேடையிலதானே நின்னான்! வெள்ளைச் சட்டை, மேல அத்தனை வெளிச்சம்...

நோரீன்: ஈடித்?

ஸ்டான்: திரைதான் கெட்டுப் போயிருக்கும். விடு, சாயங்கால ஆட்டத்துக்குள்ள வேற ஒண்ணு மாட்டிடறேன்.

ஈடித்: திரை நல்லாத்தான் இருக்கு. சாயங்காலம் என் இடத்துக்கு வேற ஆளைக் கூப்பிடு ஸ்டான்... நோரீன், அந்தக் காபியை எங்க வச்சே? என் கையைப் பிடிச்சுக் காட்டு. வந்ததுலேருந்து தேடிட்டிருக்கேன்.