வீரபாகு கடையின் நாரைகள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஆரணியே தூங்கும், சார். தூங்காதவர்கள் நானும் பிரின்ஸும்தான். அவன் சர்ச்சில் பூசை முடிந்து வந்து கடைக் கதவைப் பாதி திறந்து வைத்திருப்பான். நான் வாரம் முழுக்க வரைந்ததை எடுத்துக்கொண்டு போவேன்.

என் தொழில் புடவை டிசைன். பார்டரில் வரும் மயிலையும் மாங்காயையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் போட்டுத் தறிக்காரர்களுக்குக் கொடுப்பேன். பிரின்ஸ் சேத்துப்பட்டுக்காரன். ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரப்பர் ஸ்டாம்பு, பெயர்ப் பலகை செய்யும் கடை வைத்திருந்தான். இரண்டாயிரத்து ஆறில் லேசர் மெஷின் ஒன்று வாங்கினான். கம்ப்யூட்டரில் கோடு போட்டுக் கொடுத்தால் அந்தக் கோட்டின் மேலேயே போய் பிளைவுட்டை அறுக்கும். மயிரிழை பிசகாது. அதைப் பார்த்த அன்றைக்கே எனக்கு ஓர் ஆசை வந்தது. புடவையில் நான் வரைகிற மயில், புடவை கிழிகிற வரைக்கும் நின்ற இடத்திலேயே நிற்கும். இதில் வரைந்தால் நகர வைக்கலாம்.

முதலில் ஒரு மீன் செய்தோம். கைப்பிடியைச் சுற்றினால் நீந்த வேண்டும். அது நீந்தவில்லை, துடித்தது. பிரின்ஸ் விழுந்து விழுந்து சிரித்தான். "செத்துகினு கீது ஜெகா, தண்ணி தெளிச்சு வுடு" என்றான். பல்சக்கரத்தின் அளவை மாற்றி வரைந்தேன். அடுத்த வாரம் நீந்தியது. வரைவது நான், அறுப்பதும், லேசர் சுட்ட விளிம்பில் கரியைத் தேய்த்து எடுப்பதும், கோப்பதும் அவன். இரண்டு பேருக்கும் வேறு கெட்ட பழக்கம் கிடையாது.

பிறகு நாரைகளை ஆரம்பித்தேன். தேசூர்ப் பக்கம் ஏரியில் அவை எழும்புவதைப் பார்க்க ஸ்கூட்டரில் போய்க் கரையில் உட்கார்ந்திருப்பேன். முதல் நாரை சிறகை விரித்ததும் அடுத்தது, அதற்கடுத்தது என்று ஓர் அலை மாதிரி போகும். அந்த அலையைப் பிடிக்க எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. மேலே ஒரு குண்டு தொங்கும். கைப்பிடியைச் சுற்றி அதை உச்சிக்கு ஏற்றிவிட்டால், அது மெல்ல இறங்க இறங்க, அத்தனை நாரைகளும் வரிசையாகச் சிறகடிக்கும். முதல்முறை அது ஓடியபோது பிரின்ஸ் சிலுவை போட்டுக்கொண்டான். நான் குண்டை மறுபடி உச்சிக்கு ஏற்றினேன்.

அந்தப் பொங்கலுக்கு உள்ளூர் கேபிள் டிவிக்காரர்கள் அவன் கடைக்கு வந்து படம் பிடித்தார்கள். நான் வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். மைக் பிடித்த பெண், "இந்த டிசைன்லாம் யாருதுங்க?" என்று கேட்டாள்.

"என்னுதுதாங்க. எல்லாம் நானே யோசிச்சு நானே வரைஞ்சது."

என் மனைவி ஸ்வர்ணலதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னாங்க, உங்க பேரையே காணோம்?"

"நேரம் பத்தியிருக்காது" என்றேன்.

அடுத்த ஞாயிறு அவனே பேச்சை எடுத்தான். "பேஜாராப் பூட்ச்சு ஜெகா. மைக்க வாய்கிட்ட நீட்டிகினு ஜல்தி ஜல்தின்னாங்க. இன்னாவோ வந்துட்ச்சு. மன்சுல வச்சிக்காத."

வைத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். ஆனால் அவசரத்தில் உளறுகிறவன் "என்னுது" என்பதோடு நிறுத்திவிடுவான். "நானே யோசிச்சு நானே வரைஞ்சது" என்று சொல்ல, அதை முன்பே பல முறை தனக்குள் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். ஸ்கேல் வைத்தாலும் கோணலாகக் கோடு போடுகிற கை அது. எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் என் பக்கத்தில் உட்கார்ந்து அதைச் சொல்லிப் பார்த்தான் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். கோபம் இல்லை, சார். ஒரு சந்தேகம் தீர்ந்த மாதிரி இருந்தது.

டிவியில் பார்த்துவிட்டு ஜவுளிக்கடை வீரபாகு முதலியார் அவனைக் கூப்பிட்டனுப்பினார். புதிதாகக் கட்டிய பட்டு மாளிகையின் மாடிப்படிக் கூடத்தில், இரண்டு மாடி உயரத்துக்கு, இரும்பில் நாரைகள் வேண்டும் என்றார். பிரின்ஸ் ஓடி வந்தான். "நீ வரைஞ்சாதான் ஆவும் ஜெகா. இந்த வாட்டி உன் பேரும் போடச் சொல்றேன்."

உன் பேரும். அந்த 'உம்'மை நான் கவனித்தேன்.

வரைந்து கொடுத்தேன். நாரைகளில் ஒரு குறையும் வைக்கவில்லை. நான் செய்ததிலேயே சிறந்த வேலை அதுதான். இரண்டே இடங்களைத்தான் கடைசியில் மாற்றினேன். குண்டு தொங்கும் கொக்கியின் கழுத்தை மெலிதாக்கினேன். சுவரோரம் இருந்த கைப்பிடியைக் குண்டுக்கு நேர் கீழே கொண்டுவந்தேன். டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.

கனமான தகடு என்பதால் ராணிப்பேட்டையில் ஒரு பட்டறையில் கொடுத்து அறுத்துவந்தோம். கோக்கும்போது பிரின்ஸ் அந்தக் கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"இந்த எடம் ஒல்லியா கீதே, தாங்குமா?"

அவன் கேட்டிருந்தால் தடுத்திருப்பேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அவன் கேட்டான்.

"கணக்குப் போட்டுதான் வச்சிருக்கேன்" என்றேன். அது பொய் இல்லை.

"நீ சொன்னா சரி" என்று மாட்டினான்.

பட்டு மாளிகை திறந்ததிலிருந்து தினமும் காலையில் குண்டை உச்சிக்கு ஏற்றுவது அவன் வேலை. அந்த வேலையை வேறு யாரிடமும் விடமாட்டான். சில வாரங்கள் தாங்கியது. ஆடி மாதத்தில் ஒருநாள், குண்டு உச்சியைத் தொட்டு ஒரு குலுங்கு குலுங்கியது, கொக்கி முறிந்தது. அவன் கைப்பிடியை விட்டிருக்கவே இல்லை என்று சேல்ஸ் பெண்கள் சொன்னார்கள்.

அப்போது இங்கே இருந்த இன்ஸ்பெக்டர் விசாரித்தார். டிசைன் யாருடையது என்று யாரையும் கேட்கவில்லை. டிவியில் ஊரே கேட்டிருந்ததே. செய்தவனுடைய தப்பு, அவன் தலையிலேயே விழுந்தது என்று மூடிவிட்டார்கள். நான் சேத்துப்பட்டு கல்லறை வரைக்கும் போய் மண் போட்டேன். அதற்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். வரைந்தேன். யாரிடமும் எதையும் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

போன வாரம் அவன் மனைவி ஆரோக்கியசெல்வி வீட்டுக்கு வந்தாள். வீரபாகு முதலியார் நாரைகளைச் சரிபண்ணி, நல்ல சங்கிலி போட்டு, மறுபடி தொங்கவிடுகிறாராம்.

"நீங்கதாண்ணா தொறந்து வைக்கணும். அவரு சாவுற வரிக்கும் உங்க பேச்சுதான் பேசிகினு இருந்தாரு. வேற யாரு கீறாங்க எங்களுக்கு?"

போனேன். இன்று காலை. மாலை போட்ட அவன் படத்துக்குக் கீழே கறுப்புக் கல்லில் பொன் எழுத்து: 'இந்த நாரைகளைக் கற்பனை செய்து, வரைந்து, உருவாக்கிய கலைஞர் பிரின்ஸ் நினைவாக.' அவள் கத்தரிக்கோலை என் கையில் கொடுத்தாள். மேலே நாரைகள் சிறகடிக்கக் காத்திருந்தன. கத்தரிக்கோலைத் தட்டிலேயே வைத்துவிட்டு நேராக இங்கே வந்தேன்.

நீங்கள் எழுதியதைப் படித்துப் பார்த்தேன், சார். எல்லாம் நான் சொன்னபடிதான் இருக்கிறது. ஓர் இடத்தை மட்டும் திருத்த வேண்டும். 'பிரின்ஸ் செய்த நாரைச் சிற்பத்தில்' என்று ஆரம்பித்திருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். நாரைகளை வரைந்தவன் ஜெகநாதன் என்று முதல் வரியில் எழுதுங்கள். கொலையை அதற்குக் கீழே எழுதிக்கொள்ளலாம்.