பதினான்கில் நான்கு

உங்கள் சட்டைக் கையில் மெழுகு ஒட்டியிருக்கிறது, சார். வெந்நீரில் ஊறப்போடாதீர்கள், கறை பரவிவிடும். மேலே ஒரு காகிதத்தை வைத்து இஸ்திரிப் பெட்டியால் மெதுவாகத் தேய்த்தால் காகிதமே மெழுகை உறிஞ்சிக்கொள்ளும். இருபத்திரண்டு வருடமாக என் துணிமணிகளை இப்படித்தான் காப்பாற்றி வருகிறேன்.

அப்படியென்றால் நீங்கள் அந்த நாணைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்கள். சந்தோஷம். மற்றவர்கள் எல்லாரும் வில்லைத்தான் பார்க்கிறார்கள்.

இதே ஸ்டேஷனில், பக்கத்து அறையில் என் அக்கா உட்கார்ந்திருக்கிறாள். அவள் செய்த வில் முறிந்து ஒரு மனிதர் இறந்துபோனார். மரத்தில் இருந்த கோளாறைக் கவனிக்காமல் விற்றுவிட்டேன், தப்பு என்னுடையதுதான் என்று எழுதிக்கொடுக்கப் போகிறாள். உங்கள் ஆள் அதை டைப் அடித்துக்கொண்டிருக்கிறார். தட்டுகிற சத்தம் இங்கே வரை கேட்கிறது. அவள் கையெழுத்துப் போட்டால் கடை மூடப்படும், அவள் சிறைக்குப் போவாள். அதற்குள் நான் பேசிவிட வேண்டும். அவளுக்காகத்தான் வந்தேன். அதை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கடையில் இரண்டே பேர். அக்கா வில் செய்வாள், நான் நாண் முறுக்குவேன். முன்னறையில் அவளுடைய பட்டறை மேஜை, ஜன்னல் வெளிச்சம், வாடிக்கையாளர்கள் உட்கார பெஞ்ச். பின்னறையில் நான். இரண்டு முளை அடித்த ஒரு நீளப் பலகை, அலமாரியில் நூல்கண்டுகள், ஒரு மெழுகுக் கட்டி. என் அறையில் உட்கார இடம் கிடையாது. யாரும் உட்கார வந்ததும் கிடையாது.

நாண் என்றால் ஒரே கயிறு என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. தலைமுடி மாதிரி மெல்லிய இழைகளை முளைக்கு முளை சுற்றி, சேர்த்து முறுக்கி, மெழுகு தேய்த்தால்தான் நாண். எத்தனை இழை என்பதுதான் என் தொழிலே. இழை குறைந்தால் நாண் லேசாகும், அம்பு சீறிக்கொண்டு போகும், ஆனால் ஒருநாள் அறுந்து கையோடு வரும். கூடினால் அறாது. ஆனால் நாண் கனத்து அம்பு சோம்பிப்போகும், அம்பின் வாலும் அதில் சரியாக உட்காராது. இருபத்தைந்து பவுண்டு இழுவைக்கு எட்டு போதும். ஐம்பது பவுண்டு வில்லுக்குப் பதினான்கு. இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

எங்களிடம் இருந்த நூல் இரண்டு ரகம். ஒன்று சாதா பாலியெஸ்டர். இழுத்தால் கொஞ்சம் நீளும். அந்த நீளல்தான் வில்லுக்கு மெத்தை மாதிரி. அக்கா அதற்கு வைத்த பேர் சாது. இன்னொன்று புது ரகம். எவ்வளவு இழுத்தாலும் நீளாது. அம்பு விட்டதும் வருகிற அதிர்ச்சி அத்தனையும் நேராக வில்லின் நுனிக்குப் போகும். நுனியில் கெட்டியாகத் தகடு வைத்த புது மாடல் வில்கள் அதைத் தாங்கும். வெறும் மரநுனி வைத்த பழைய வில்கள் தாங்காது. அதன் பேர் முரடன். அலமாரியில் அக்கா தன் கையாலேயே ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருந்தாள்: மரநுனிக்கு முரடன் கூடாது.

ஒரு நாண் கடையைவிட்டு வெளியே போகுமுன் அக்கா அதை வாங்கி, ஓரத்தில் லேசாகப் பிரித்து, ஊசியால் எண்ணிப் பார்ப்பாள். "எத்தனைடி?" என்பாள். நான் "பதினாலு" என்பேன். அவளும் பதினாலு எண்ணுவாள். அவளுக்கு மரத்தைத் தொட்டாலே அது எந்தப் பக்கம் வளைந்து வளர்ந்தது என்று தெரியும். இழையில் அவளுக்குத் தெரிந்தது எண்ணிக்கை மட்டும்தான்.

போன வருடக் கடைசியில் ஒரு வில்வித்தைச் சங்கம் எங்களிடம் நாற்பது வில் கேட்டது. சங்கத்தின் செயலாளர் ஒரு பல் டாக்டர். எங்கள் பழைய வாடிக்கையாளர், கலகலப்பானவர். அக்காவை மேடம் என்பார், என்னைச் சின்ன மேடம் என்பார். எனக்கும் அவருக்கும் எந்தப் பகையும் இல்லை சார். என் கடைவாய்ப் பல் ஒன்றை வலியே தெரியாமல் பிடுங்கிவிட்டிருக்கிறார்.

அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் அக்கா ரொம்ப உற்சாகமாக இருந்தாள்.

"நாப்பது வில்லுடி. வேலைக்கு நாலு ஆள் போடணும். நாண் மட்டும் ரெடிமேடா வாங்கிக்கலாம்னு இருக்கேன்."

"எதுக்குக்கா? நான் முறுக்கித் தரேனே."

"ஒவ்வொரு வில்லுக்கும் ஒரு ஸ்பேர் வெச்சா எம்பது நாண். உன் தோள்பட்டை என்னத்துக்கு ஆகும்? மெஷின்ல அரை நாள்ல முடிச்சுக் கொடுத்துடுறான். நீ முன்னாடி வந்து உக்காரு. வர்றவங்கள கவனிச்சுக்கோ, பார்சல் கட்டு."

"மெஷின் முறுக்குறதும் நான் முறுக்குறதும் ஒண்ணாக்கா?"

"அட, வில்லுதானேடி முக்கியம். நாண் யாரு முறுக்கினா என்ன?"

சொல்லிவிட்டு என் தட்டில் இன்னும் கொஞ்சம் சாதம் போட்டாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நானும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அன்றே இரண்டு வார்த்தை சத்தமாகப் பேசி, அழுது, மறந்திருப்பேன். நான் யோசித்தேன்.

கடை இரண்டு பேருக்குப் போதுமான அளவில் இருந்தால் எல்லாருக்கும் நல்லது என்று பட்டது. நாற்பது வில் வராமல் போனால் நாலு ஆள் வேண்டாம், மெஷின் வேண்டாம், என் பலகையும் இருந்த இடத்திலேயே இருக்கும். அதற்கு அக்காவின் வில் ஒன்று, ஒரே ஒன்று, சங்கத்துக்காரர்கள் கண்ணெதிரே முறிய வேண்டும். நாண் அறுந்தால் பேச்சு என் மேல் வரும். வில் முறிந்தால் வராது. நியாயமாகத்தானே இருக்கிறது.

அடுத்த வாரமே பல் டாக்டர் தன் வில்லுக்குப் புது நாண் கேட்டு வந்தார். பதினோரு வருடத்துக்கு முன் அக்கா செய்த வில். ஐம்பது பவுண்டு, வெறும் மரநுனி. நாண் கைக்கு வந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை சங்கத்து மைதானத்தில் உறுப்பினர்களுக்கு எல்லாம் அந்த வில்லைத்தான் எய்து காட்டப் போகிறாராம். பார்த்துவிட்டு அவர்கள் சரி என்றால் ஆர்டர் உறுதி.

மொத்த இழை பதினான்கு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதில் முரடன் எத்தனை என்பதுதான் கேள்வி. முழுக்க முரடனாக இருந்தால் தொடும்போதே வித்தியாசம் தெரியும். இரண்டு போட்டால் சுமை தாங்காமல் அந்த இரண்டும் அறும், நாண் என்னிடமே திரும்பி வரும். ஆறு போட்டால் முதல் நாளே, எங்கள் முற்றத்தில் அக்கா இழுத்துப் பார்க்கும்போதே நுனி போய்விடலாம். அக்காவுக்கு ஏதாவது ஆகிவிடக் கூடாது, பாருங்கள். அதனால் நான்கு. நீளாத நான்கு இழை சுமை முழுவதையும் வாங்கிக்கொள்ளும். மற்ற பத்தும் சும்மா கூடவே வரும். ஒரே பழுப்பு மெழுகை அழுத்தித் தேய்த்துவிட்டால் பதினான்கும் ஒரே வயிற்றில் பிறந்த மாதிரி இருக்கும்.

நான் எதையும் குத்துமதிப்பாகச் செய்கிறவள் இல்லை. கழித்துப்போட்ட ஒரு மரநுனி வில்லில் அதே மாதிரி ஒரு நாணை மாட்டி, அக்கா மரம் வாங்கப் போன நாட்களில், மண்மூட்டையைப் பார்த்து எய்துகொண்டே இருந்தேன். முந்நூற்று நாற்பதாவது அம்பில் நுனி பிளந்தது. ஹெல்மெட்டும் தோல் சட்டையும் போட்டிருந்ததால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பல் டாக்டர் வாரம் நூற்றிருபது அம்பு விடுகிறவர். கணக்கு அந்த மூன்றாவது ஞாயிறில் போய் நின்றது.

புது நாணை அக்காவிடம் கொடுத்தேன்.

"எத்தனைடி?"

"பதினாலு."

எண்ணினாள். தலையாட்டினாள். டாக்டர் வாங்கிக்கொண்டு போனார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தேன். ஆனால் அந்த ஞாயிறுக்கு முந்தின வியாழக்கிழமை, அக்கா இல்லாத நேரத்தில், அவர் வில்லைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"சின்ன மேடம், இது ஏதோ முனகுது. இழுக்கும்போது டிக்குனு ஒரு சத்தம். என்கிட்ட வர்ற பேஷண்ட் எல்லாம் வாயைத் தொறந்தாத்தான் கத்துவாங்க. இது வாயே தொறக்காம கத்துது."

சிரித்தார். நானும் சிரித்தேன். வில்லை வாங்கிப் பின்னறைக்குக் கொண்டுபோய் விளக்கடியில் பார்த்தேன். மேல் நுனியில், நாண் மாட்டும் வெட்டுக்குக் கீழே, மயிரிழை மாதிரி ஒரு விரிசல். என் விரல்நகம் அதில் மாட்டியது.

இந்த இடத்தில்தான் நீங்கள் என்னைத் தப்பாக நினைக்கக் கூடும். அப்போதே அவரிடம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் என்ன நடந்திருக்கும்? அக்கா மன்னிப்புக் கேட்டு, கையோடு புது வில் ஒன்று கொடுத்திருப்பாள். அவர் இன்னும் பெருமையாகப் போய்ச் சங்கத்தில் சொல்லியிருப்பார். நாற்பது ஐம்பதாகியிருக்கும். நான் விரிசலில் மெழுகை விட்டுத் தேய்த்து, துணியால் மெருகேற்றினேன்.

"நாண்ல மெழுகு காஞ்சு போயிருந்துச்சு டாக்டர். அதான் சத்தம். இப்ப சரியாயிடுச்சு."

"நல்லவேளை, வில்லுதான் போச்சோன்னு பயந்துட்டேன். பொண்ணு வேற ஞாயித்துக்கிழமை பார்க்க வரேன்னு சொல்லியிருக்கா. அவ முன்னாடி மானம் போயிடக் கூடாதே."

"எத்தனை வயசு?"

"பன்னெண்டு. வாய் மட்டும் நாப்பது."

போகும்போது பெஞ்சில் மறந்து வைத்த கண்ணாடியை நானே வாசல்வரை கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நானும் அக்காவும் மைதானத்துக்குப் போனோம். அறுபது எழுபது பேர் இருப்பார்கள். அக்கா முதல் வரிசையில் நிற்கப் போனாள். "வெயில் கண்ல அடிக்குதுக்கா, இந்தப் பக்கம் வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டேன். டாக்டரின் மகள் அப்பாவுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாள். அவளையும் நான்தான் பத்தடி தள்ளி நிற்க வைத்தேன். இதெல்லாம் யாரும் என்னிடம் கேட்கவில்லை சார், நானாகச் செய்தது. என் மனசில் என்ன இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

முதல் ஐந்து அம்பும் நன்றாகப் போயின. கைதட்டினார்கள். ஆறாவதை இழுத்துக் கன்னத்தோடு வைத்தபோது அந்த டிக் சத்தம் எனக்கே கேட்டது. அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். திரும்பி எங்கள் பக்கம் பார்த்தார். என்னைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். நான் தலையை அசைத்தேன். பரவாயில்லை, விடுங்கள் என்கிற மாதிரி.

நுனி ஒரு சாண் நீளத்துக்கு ஒடிந்து நாணோடு திரும்பி வந்தது. கழுத்தில். வில்தான் உடையும், கையில் சிராய்ப்பு வரும், அதற்கு மேல் ஒன்றும் ஆகாது என்று நான் நினைத்திருந்தேன். ஹெல்மெட் ஏன் போட்டுக்கொண்டு சோதனை செய்தாய் என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்விதான். அதை நான் யோசிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தார். அக்கா தினமும் போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பத்தாவது நாள் அந்த பெஞ்சுக்கும் வேலையில்லை.

பிறகு நீங்கள் நியமித்த நிபுணர் அறிக்கை கொடுத்தார். அதன் நகல் செவ்வாய்க்கிழமை வந்தது. அக்கா அடுப்படியில் நின்றபடியே எனக்குப் படித்துக் காட்டினாள். மரத்தில் மறைந்திருந்த கணுவால் நுனி பலவீனப்பட்டதாம். ஒரு பக்கம் முழுக்க அதைப் பற்றித்தான். கடைசியில் ஒரு வரி: நாண் முழுமையாக உள்ளது, பதினான்கு இழைகளும் அறுபடவில்லை, விபத்தில் நாணுக்கு எந்தப் பங்கும் இல்லை.

அக்கா காகிதத்தை மடித்தாள். என் தோளைத் தட்டினாள். "உன் நாண் ஒண்ணும் பண்ணலைன்னு போட்டிருக்கான்டி. நீயாவது தப்பிச்சியே."

அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எந்தப் பங்கும் இல்லையாம். அந்த மனிதர் நாண் அறவில்லை என்று தெரிந்ததும் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டார். அக்கா மாதிரியே எண்ணிவிட்டு எழுந்து போய்விட்டார்.

உங்களுக்கும் நம்பிக்கை வரவில்லை என்று முகம் சொல்கிறது. பரவாயில்லை, இதோ காட்டுகிறேன். அந்தக் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் இருக்கிறது. நாணில் விரற்கடை அளவு ஒரு துண்டு வெட்டிக்கொடுங்கள். இழைகளைப் பிரித்து, மெழுகைச் சுத்தமாக வழித்துவிட்டு, ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் அழுத்திவிடுங்கள். பாலியெஸ்டர் மூழ்கும். முரடன் மிதக்கும். பத்து அடியில் கிடக்கும், நான்கு மேலே வரும். ஒன்று கூடாது, ஒன்று குறையாது. அந்த நான்கும் சேர்ந்துதான் ஐம்பது பவுண்டு வில்லை மூன்றே வாரத்தில் முறித்தன. அக்காவின் மரத்தில் ஒரு கோளாறும் இல்லை. நல்ல மரம்.

கதவைத் தட்டுகிறார்கள். டைப் அடித்து முடித்துவிட்டார்களா? அக்கா கையெழுத்துப் போடப் போகிறாளா?

அவளை நிறுத்தச் சொல்லட்டுமா என்று என்னையா கேட்கிறீர்கள்? சொல்லலாம், சொல்லலாம். அவள் எங்கே ஓடிவிடப் போகிறாள். உட்காருங்கள் சார். முதலில் அறிக்கையின் கடைசிப் பக்கத்தை எடுங்கள். அந்த வரியை அடித்துவிட்டு நான் சொல்வதை எழுதுங்கள்: விபத்துக்கு முழுக் காரணம் நாண்.