வெள்ளைச் சோணை

வெள்ளை முட்டை இடுகிற கோழி வேண்டுமென்றால் முதலில் அதன் காதைப் பார்க்க வேண்டும், ஐயா. கோழிக்கும் காதுச் சோணை உண்டு. கன்னத்தின் ஓரத்தில் ஒரு சின்ன இதழ் போலத் தொங்கும். சோணை சிவப்பாக இருந்தால் முட்டை பெரும்பாலும் பழுப்பாக வரும். சோணை வெள்ளையாக இருந்தால் முட்டையும் வெள்ளையாக வரும். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் ஏறாவூர் சரீப். அவரை நீங்கள் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம். பழைய சாதிக் கோழிகளை ஆசைக்கு வளர்க்கிற நல்ல மனிதர். எனக்கு ஆறு கோழி தந்தார், வேறொன்றும் செய்யவில்லை.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். உங்கள் பெண் பொலிஸ் பிள்ளை தேத்தண்ணி ஊற்றித் தந்தது. சீனி போதுமா என்றுகூடக் கேட்டது. இப்படிக் கேட்கிறவர்களால்தான் உலகம் இன்னும் நடக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

நாங்கள் இரண்டு பேர். நான் சின்னத்தங்கம், ஐம்பத்தாறு வயது. தங்கை அன்னப்பூரணிக்கு நாற்பத்தேழு. செட்டிபாளையத்தில் வாவிப் பக்கமாக எங்கள் வளவு. அம்மாவும் அப்பாவும் போனபிறகு இருபத்திரண்டு வருடம் ஒரே பானையில் உலை வைத்தோம். பூரணி பாலர் பாடசாலையில் படிப்பித்தாள். நான் வீட்டைப் பார்த்தேன், கோயிலுக்குப் பூ கட்டிக் கொடுத்தேன். இரண்டு பேரும் கலியாணம் செய்யவில்லை. எனக்கு யாரும் கேட்டு வரவில்லை. அவளுக்குக் கேட்டு வந்தவர்களை நான் விசாரித்துப் பார்த்தேன், ஒருவரும் சரியில்லை.

பூரணி பெரியபிள்ளையானபோது எங்கள் பக்கத்து வழக்கப்படி காலையில் வெறும் வயிற்றில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்தார்கள். மற்றப் பெண்கள் ஒரு மாதத்தில் அதை விட்டுவிடுவார்கள். அவள் விடவில்லை. எண்ணெயை மட்டும் விட்டுவிட்டு, முட்டையின் நுனியைக் கரண்டிக் காம்பால் தட்டி, அப்படியே வாயில் வைத்து உறிஞ்சிக் குடிப்பாள். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வருடமாக அந்த முட்டையைக் கழுவித் துடைத்து அவள் கையில் கொடுத்தது நான்தான். சின்ன வேலைதான். ஆனால் அன்பு சின்ன வேலைகளில்தான் இருக்கிறது என்று நம்புகிறவள் நான்.

போன வருடம் ஆவணி மாதம் சீனித்தம்பி வந்தார். வாழைச்சேனைத் துறைமுகத்தில் வள்ள எஞ்சின் திருத்துகிறவர், மனைவி இறந்து ஆறு வருடம். எங்களுக்குத் தூரத்து மச்சான் முறை. யாரோ ஒருவரின் எஞ்சின் பார்க்க வந்தவர், பூரணியைப் பார்த்துவிட்டு, அடுத்த கிழமை நேரே என்னிடம் வந்து கேட்டார். பூரணி ஒரு நாளில் ஓம் என்றுவிட்டாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. யோசி என்றேன். பல தடவை சொன்னேன்.

அதற்குப் பிறகு அவள் என் கையால் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

நீங்கள் வெளியூர்க்காரர், இது விளங்காமல் இருக்கலாம். சோற்றில் மருந்து வைத்து ஒருவரின் மனத்தை மாற்றலாம் என்று எங்கள் பக்கம் நம்புகிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். எங்கள் அம்மா ஒரு கலியாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்துதான் புத்தி பேதலித்துப் போனா என்று சொல்வார்கள். பூரணி அதைக் கேட்டு வளர்ந்தவள். படித்தவள்தான், ஆனாலும் அந்தப் பயம் போகவில்லை. தனி அடுப்பு மூட்டினாள், தனிச் சட்டி வாங்கினாள். முட்டையை மட்டும் என்னிடம் வாங்கிக்கொண்டாள்.

"நான் உனக்கு மருந்து வைப்பனாடி?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"வைப்பாய் எண்டு நான் சொல்லயில்லையே. சோத்துக்க வைக்கலாம், கறிக்க வைக்கலாம். முட்டைக்குள்ள ஆர் வைக்கிற அக்கா? அதைக் கடவுள் அடைச்சித் தாறாரு. வைக்கேலாததைத் திண்டா எனக்கும் பயமில்ல, உனக்கும் பழியில்ல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அதுவரைக்கும் எனக்கு ஒரு எண்ணமும் இருக்கவில்லை, ஐயா. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவள் சொன்னபிறகுதான் முட்டையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

வளவில் நின்றவை ஊர்க்கோழிகள். அவற்றின் முட்டை தேத்தண்ணி நிறம். எனக்கு அது சரிவரவில்லை. மிருக வைத்தியர் கந்தோரில் தருகிற குஞ்சுகள் பெருத்தால் சிவப்பு முட்டை இடும், அதுவும் சரிவரவில்லை. கடையில் வெள்ளை முட்டை இருக்கிறது, ஆனால் கடை முட்டையைப் பூரணி பச்சையாகக் குடிக்க மாட்டாள். எங்கள் வளவில் இட்ட முட்டையாகவும் இருக்க வேண்டும், வெள்ளையாகவும் இருக்க வேண்டும். தை மாதம், பொங்கல் முடிந்த கிழமை, பஸ் ஏறி ஏறாவூருக்குப் போனேன்.

சரீப் முதலில் லெக்கோன் கோழிகளைக் காட்டினார். வெள்ளை வெளேரென்று அழகாக நின்றன. கூட்டிலிருந்து ஒரு முட்டை எடுத்துத் தந்தார். வெள்ளைதான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், கொஞ்சம் மினுங்கியது.

"அக்கா, உள்ளுக்கு எல்லாம் ஒரே மஞ்சள்தான்" என்றார் சரீப். "வெளி நிறத்த வெச்சி என்ன செய்யப் போறீங்க, முட்டைக்கு மாப்பிள்ள பாக்கவா?"

"மினுங்காத வெள்ளை வேணும் தம்பி. பால் வெள்ளை இல்ல. சுண்ணாம்பு வெள்ளை."

"அப்ப நீங்க வெத்திலைக்குத்தான் கோழி வளக்கப் போறீங்க" என்றார். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன்.

பிறகு பின் வளவுக்குக் கூட்டிக்கொண்டு போய் மினோர்க்காவைக் காட்டினார். கறுப்புக் கோழி. வெயிலில் இறகு பச்சை ஓடும். பேட்டின் கொண்டை ஒரு பக்கமாகச் சாய்ந்து கண்ணை மறைக்கும். சோணை மட்டும் பெருவிரல் நகமளவு பெரிதாக, தூய வெள்ளையாக இருக்கும். அது இட்ட முட்டை பெரியது, கனமானது, சுவருக்கு அடித்த வெள்ளை போல மினுக்கமில்லாத வெள்ளை. கறுப்புக் கோழியைப் பருந்து லேசில் காணாது, அதனால் இதுதான் நல்லது என்று சரீப்பிடம் சொன்னேன். அதுவும் உண்மைதான். ஐந்து பேடும் ஒரு சேவலும் வாங்கினேன். கோழி நோய்க்குத் தடுப்பு ஊசி போடும் முறையையும் அவரே காட்டித் தந்தார். மெல்லிய ஊசி. இரண்டு ஊசியைச் சும்மா தந்தார்.

மாசியில் முட்டையிடத் தொடங்கின. பூரணிக்கு நல்ல சந்தோசம். கோழிகளுக்குப் பேர் வைத்தாள், பாடசாலைப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டினாள். சீனித்தம்பி வந்தபோது, "மச்சாள், உங்கட கோழி எல்லாம் பொம்பிளைய விடச் சோக்கா இரிக்கி, நான் கோழியைக் கட்டிக்கிட்டுப் போகவா?" என்று பகிடி விட்டார். பூரணி ஈர்க்கிலால் அவர் தோளில் தட்டினாள். நானும் பக்கத்தில் நின்றேன்.

கூடுதலான முட்டைகளை நான் அயலுக்குக் கொடுத்தேன். அடுத்த வளவில் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த தக்ஷாயினிக்குக் கிழமைக்கு நாலு. அவற்றில் ஒன்றும் இல்லை. பூரணிக்குரிய முட்டையைச் சிரட்டையில் புறம்பாக வைப்பேன், ஒரு நாளும் மாறிப்போகவில்லை. அடுத்தவர் உயிர் விசயத்தில் கவனமாக இருக்க வேண்டும்.

எனக்குக் கிளினிக்கில் மாதாமாதம் நித்திரை மருந்து தருவார்கள். தண்ணி மருந்து. நான் அதைக் குடிப்பதை நிறுத்தினேன். நித்திரை இல்லாமல் கிடந்து அதை மிச்சம் பிடித்தேன். அதில் கொஞ்சம்தான் கொடுத்தேன், அப்போதெல்லாம் அளவுக்கு மேல் கொடுக்கவில்லை. சில வேளை நினைத்துக்கொள்வேன், என் நித்திரையைத்தானே அவளுக்குக் கொடுக்கிறேன் என்று.

முட்டையின் அடிப்பக்கத்தில் ஒரு சின்னத் துளை. ஊசியை எடுத்தபிறகு, வெற்றிலைக்கு வைத்திருக்கும் சுண்ணாம்பில் ஒரு பொட்டு. காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஊர்க்கோழி முட்டையில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். லெக்கோன் முட்டையில் மினுக்கத்துக்கு நடுவே மங்கலாகத் தெரியும். மினோர்க்கா முட்டையில் தெரியாது. அதற்காகத்தான் அந்தக் கோழி.

பங்குனி பிறந்ததும் பூரணிக்குச் சோர்வு வந்தது. பாடசாலையில் கதிரையிலேயே தூங்கினாள். கால் தடுமாறியது. சொல்ல வந்ததை மறந்தாள். சித்திரையில் வைத்த கலியாணம் தள்ளிப்போனது. இரண்டாவதாக வைத்த நாளும் தள்ளிப்போனது. வைத்தியர் இரத்தம் குறைவு என்று குளிசை தந்து, முட்டை சாப்பிடச் சொன்னார். நான் அவளைத் தாங்கிக்கொண்டு கிணற்றடிக்குக் கூட்டிப்போவேன், தலை துவட்டுவேன், காலுக்கு எண்ணெய் தடவுவேன். சின்ன வயதில் போலவே என் மடியில் தலை வைத்துப் படுத்தாள். என் சோற்றை மட்டும் அப்போதும் தொடவில்லை. அந்த இரண்டு மாதமும் எங்கள் வீட்டில் ஒரு சண்டை இல்லை. நான் அமைதியாக இருந்தேன்.

வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்தார்கள். கதவு திறந்த நாளிலிருந்து குளிர்ச்சிச் சடங்கு முடியும் வரைக்கும் எங்கள் ஊரில் மீன், இறைச்சி, முட்டை ஒன்றும் வீட்டுக்குள் வராது. சட்டி பானை கழுவி, வாசல் தெளித்துச் சுத்தமாக இருப்போம். எட்டு நாள். நானும் முட்டையைத் தொடவில்லை. கோழிகள் இட்டதை வெளியூர் ஆள் ஒருவரைக் கொண்டு எடுப்பித்து வளவுக்கு வெளியே அனுப்பினேன். சடங்கு நாளில் முட்டையைக் கையால் எடுப்பது பாவம். அம்மன் விசயத்தில் நான் ஒரு நாளும் பிழை விட்டதில்லை.

நாலாம் நாள் பூரணி தானாக எழும்பி முற்றம் கூட்டினாள். ஆறாம் நாள் கோயிலுக்கு நடந்து போய், நடந்து வந்தாள். முகம் தெளிந்துவிட்டது. அம்மன் சுகமாக்கிவிட்டா என்று ஊரெல்லாம் சொன்னது. நானும் அப்படித்தான் சொன்னேன். சீனித்தம்பி அடுத்த வியாழக்கிழமைக்கு நாள் வைத்தார்.

திங்கட்கிழமை குளிர்ச்சி முடிந்தது. மத்தியானம் நான் சோறும் பூசணிக்காய்க் கறியும் பருப்பும் வைத்தேன். பூரணி வந்து என் முன்னால் உட்கார்ந்து கோப்பையை நீட்டினாள்.

"எனக்கும் போடு கா."

எட்டு மாதத்துக்குப் பிறகு கேட்டாள். நான் போட்டேன்.

"உன்னைப் பிழையா நினைச்சிட்டன். அம்மன் வாசல்ல நிக்கக்குள்ளதான் புத்தி வந்தது. நெஞ்சில வைக்காத கா."

குழைத்துச் சாப்பிட்டாள். இரண்டாம் தரம் கேட்டு வாங்கினாள். இனி வேண்டாம், சிரட்டையை எறிந்துவிடுவோம் என்று அப்போது எனக்குள் ஒரு நினைப்பு வந்தது. வந்தது உண்மை. அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து என் சேலைத் தலைப்பில் துடைத்தாள்.

"நீ இஞ்ச தனியக் கிடந்து என்ன செய்யப் போறாய்? எங்களோட வாழைச்சேனைக்கு வாவன். அவரும் சொன்னவர், மச்சாளுக்கு ஒரு அறை, கோழிக்கு ஒரு கூடு, ரெண்டும் கட்டித் தாறன் எண்டு."

நல்ல வார்த்தை. அவர்கள் இரண்டு பேரும் நல்லவர்கள். நான் அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் யோசித்தேன். அந்த வீட்டில் காலையில் முட்டையைக் கழுவித் துடைத்துக் கொடுக்க அவர் இருப்பார். நான் வாங்கிச் சாப்பிடுகிறவளாக இருப்பேன். பார்ப்போம் என்றேன்.

அடுத்த நாள் காலையில் பூரணியே கேட்டாள், "எங்க கா என்ட முட்டை?" கொடுத்தேன். எட்டு நாள் விட்டுப்போயிருந்தது. அந்த எட்டு நாளுக்கும் சேர்த்து, போத்தலில் இருந்த மிச்சத்தையும் சேர்த்து வைத்திருந்தேன். அதற்கு ஒரு முட்டை போதவில்லை, மூன்று கொடுத்தேன். சடங்குக்கு விரதம் இருந்த உடம்பு, குடி என்றேன். அவ்வளவு கொடுத்தால் எழும்ப மாட்டாள் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். போத்தலில் எழுதியிருக்கிறது. நான் வாசித்தேன். தெரியும்.

எட்டரை மணிக்குப் படுத்தாள். நான் பக்கத்தில் இருந்து விசிறினேன். பதினொரு மணிக்கு மேல் விசிறத் தேவை இருக்கவில்லை.

வழக்கமாக முட்டைக் கோதுகளை உடனே நொறுக்கிக் கோழித் தீனியில் கலந்துவிடுவேன். கோழிக்கு அது பலம். அன்று அவளை விட்டு எழும்ப மனம் வரவில்லை. பகல் சீனித்தம்பி கூறைச்சேலையோடு வந்தார். அவளைக் கூப்பிட்டார், தொட்டுப் பார்த்தார். பிறகு படியில் கிடந்த கோதுகளைக் கையில் எடுத்தார். எஞ்சின் திருத்துகிறவர், சின்னத் துளைகளைப் பார்த்துப் பழகிய கண். நுனியில் அவள் தட்டிய ஓட்டை இருந்தது. அடியிலும் ஒன்று இருந்தது, சுண்ணாம்பு பெயர்ந்துவிட்டது. அவர் என்னை அடிக்கவில்லை, ஏசவில்லை. "ஏன் மச்சாள்?" என்று மட்டும் கேட்டார். நான் அவருக்கு இதைத்தான் சொன்னேன், அவள் பயணம் போகிற உடம்பில் இல்லை என்று.

கோழிகளைத் தக்ஷாயினியிடம் கொடுக்கச் சொல்லுங்கள். பிள்ளை பெற்ற வீடு, முட்டை உதவும்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை அவள் சாப்பிட்ட சோற்றில் நான் ஒன்றும் வைக்கவில்லை. கறியிலும் வைக்கவில்லை, பருப்பிலும் வைக்கவில்லை. என்னைச் சந்தேகப்பட்டது பிழை என்று அவள் சொன்னது சரிதான்.