இங்கிலீஷ் இரண்டாம் தாள்

— தலையத் தூக்குங்க அத்தான். தாடைக்குக் கீழ கத்தி போவணும்.

— போவட்டும்.

— அசையப்படாது. பதினாலு மாசத் தாடி. கத்திரியில கொறைக்கவே அர மணி நேரம் ஆயிப்போச்சு.

— நானாலே கூப்பிட்டேன்? ஞாயித்துக்கெழம காலைல வந்து, 'ஒங்க மூஞ்சியச் செத்த நேரம் குடுங்க'ன்னு நீதான் நின்னே.

— வேற எந்த மூஞ்சி இருக்கு? பேண்டேஜ் கம்பெனியில எல்லாவனும் பயந்து ஓடுதான். கிளார்க்கு சுயம்புலிங்கம் ஒருத்தர்தான் எதுக்கும் வேண்டாம்னு சொல்ல மாட்டாரு.

— பேசாம வேலையப் பாரு.

— பேசிக்கிட்டேதான் பாக்கணும். விருதுநகர்ல பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும்போது எதுத்தாப்புல ஒரு சுபேதார் நின்னு கேள்வியாக் கேப்பாராம். ஏழு நிமிசத்துல ஒரு மூஞ்சி முடிக்கணும். ரத்தம் வரப்படாது.

— வந்தா?

— அடுத்த பஸ்ஸுல வீட்டுக்கு வந்துரணும்.

— ஏலே மாரிச்சாமி, ஒண்ணு கேக்கேன். ஒங்கப்பா கத்தி வைக்கிற அடைப்பத்தக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு வன்னியம்பட்டியில வீடு வீடாப் போயிச் செரைக்கதப் பாத்துட்டுத்தான, கத்தியவே தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணுன?

— பண்ணுனேன்.

— நான் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டக் காலி பண்ணிட்டு இங்க ராஜபாளையம் வந்ததும், பின்னாலயே வந்து பேண்டேஜ் துணி மடிக்கச் சேந்த.

— சேந்தேன்.

— இப்ப அதே கத்தியத் தூக்கிட்டு காஷ்மீர் வரைக்கும் போவேங்கே.

— எட்டாவதுக்கு அம்புட்டுத்தான் குடுக்காவ அத்தான். சமையலு, சலவை, முடிவெட்டு. சிப்பாய்னு நேரா எடுக்கணும்னா பத்தாவது கேக்காவ.

— இங்கிலீஷ் ஒண்ணுதான போச்சு? அக்டோபர்ல திரும்ப எழுது. நான் சொல்லித் தாரேன்.

— வேண்டாம் அத்தான்.

— பி.ஏ. படிச்சவன் சும்மா சொல்லித் தாரேங்கேன்.

— வேண்டாம்.

— அப்ப நானும் ஒன் பாரத்த நிரப்ப மாட்டேன்.

— நாளைக்குக் கடைசி நாளு.

— தெரியும்.

— பூராவும் இங்கிலீஷ்ல இருக்கு. வேற யாருகிட்டப் போவேன்?

— அதான் இங்கிலீஷ் படிங்கேன்.

— கன்னத்த உப்புங்க... நம்ம ராஜபாளையம் நாயக்கூட பட்டாளத்துல சேத்துக்கிடுதாவளாம். அது எந்தப் பத்தாவது பாஸு?

— நாய் அடைப்பம் தூக்கல.

— அத்தான், முடிவெட்டப் போறவனுக்கும் மொதல்ல துப்பாக்கிப் பயிற்சிதான். பொறவுதான் கத்தி. உள்ள போயிட்டா அங்கேயே பரீட்ச வைக்காவ. எங்க தெரு மலைச்சாமி அண்ணன் அப்படி எழுதித்தான் மேல வந்தாரு.

— பட்டாளத்துப் பரீட்ச எழுதுவே. இங்க உள்ளத எழுத மாட்டே.

— அது வேற பரீட்ச.

— என்னலே வேற? ஒங்கக்கா பூரணம் ஒனக்கு ரெண்டு வருசம் அடுப்படியில உக்காத்தி வச்சுச் சொல்லிக் குடுத்தா. சோறு பொங்கி வழிஞ்சதுகூடத் தெரியாம சொல்லிக் குடுத்தா. அவ செத்த அந்த வருசமே நீ பெயிலாயி வந்து நின்னே. அதுவும் இங்கிலீஷ்ல. ஒரு வார்த்த கேட்டனா?

— கேக்கல.

— மனசுக்குள்ள கேட்டேன்.

— கேட்டது தெரியும். தாடையத் தளத்துங்க... இந்தா, இடது பக்கம் முடிஞ்சிது. இந்தப் பக்கம் வயசு இருபத்தெட்டு, அந்தப் பக்கம் அம்பது. அக்கா பாத்தா பேயின்னு ஓடியிருப்பா.

— சர்ட்டிபிகேட் எங்க? பாக்கவாவது செய்யுதேன்.

— மஞ்சப் பையில. எட்டாவது சர்ட்டிபிகேட் மேலாப்புல இருக்கும். அத மட்டும் எடுங்க. அத்தான், அடியில இருக்கத எடுக்காதீங்க... அத்தான்!

— கத்தியத் தள்ளிப் பிடி.

— அது மார்க் சீட்டு. பெயிலான மார்க்க என்னத்தப் பாக்க?

— தமிழ்ல பாஸு. கணக்குல அம்பத்தெட்டு. இங்கிலீஷ் மொதத் தாளு நாப்பத்தாறு.

— குடுங்க இங்க.

— ரெண்டாம் தாளுக்கு மார்க்கே இல்ல. ஆப்சென்ட்னு போட்டிருக்கு.

— தப்பாப் போட்டுருப்பாவ.

— ஏலே.

— சோப்பு காயுது அத்தான்.

— ரெண்டாம் தாளு என்னைக்கு?

— மறந்துபோச்சு.

— எனக்கு மறக்கல. செவ்வாக்கெழம. 'இன்னைக்குத் தம்பிக்கு ரெண்டாம் தாளு'ன்னு சொல்லித்தான் பூரணம் என்னய வழியனுப்புனா. நான் ஈரோட்டுல கம்பெனி லோடு எறக்கிட்டு வந்து பாத்தா, அவளக் கெடத்தியிருந்தாவ.

— விடுங்க அத்தான்.

— அக்கம்பக்கத்துல யாரோ ரிக்சாவுல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதா ஒங்கப்பா சொன்னாரு. யாருலே?

— அப்படிச் சொல்லுங்கன்னு அப்பாகிட்ட நான்தான் சொன்னேன்.

— நீயா?

— நல்ல பேனா ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன், பள்ளிக்கூடம் போற வழியில வந்து வாங்கிக்கோன்னு சொல்லியிருந்தா. வந்தேன். அடுப்படியில விழுந்து கெடந்தா.

— மணி என்ன?

— ஒம்பதரை. பத்து மணிக்குப் பரீட்ச.

— நெனவு இருந்துச்சா?

— இல்ல. ரிக்சாவுல மடியில போட்டுக்கிட்டுப் போனேன். ஹால் டிக்கெட்டு சட்டப் பையில இருந்துச்சு. அதுல அவ தல பட்டுப்பட்டு மடங்கிப்போச்சு.

— என்கிட்ட ஏம்லே சொல்லல? பதினாலு மாசமா, படிக்காமத் திரிஞ்சு பெயிலான பயன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன்.

— நெனச்சா நெனச்சுட்டுப் போங்க. பெயிலுன்னா பரீட்ச எழுதுனவன்னு அர்த்தம்.

— என்ன பேச்சுலே இது?

— தாடைய ஆட்டாதீங்க அத்தான். சும்மா இருங்க. அசஞ்சா வெட்டிரும்.

— வெட்டுனா வெட்டட்டும்.

— எனக்கு வேல போயிரும்லா.

— சரி. வலது பக்கம் அப்படியே கெடக்கட்டும். பேனாவ எடு.

— எதுக்கு?

— பாரத்தக் கொண்டா. பேரு மாரிச்சாமி. படிப்பு எட்டு. 'டிரேடு'ங்கிற எடத்துல என்ன, பார்பர்னு எழுதவா?

— எழுதுங்க.

— எழுதிட்டேன். கையெழுத்துப் போடு.

— போட்டாச்சு.

— இனி நான் எதையும் மாத்தப் போறதில்ல. தெரிஞ்சுக்கத்தான் கேக்கேன். ஒரே ஒரு தாளு. அத எழுதிட்டா சிப்பாயாவே எடுத்துருவாவ. ஏன் எழுத மாட்டேங்கே?

— ஒண்ணரை மணிக்கு ஆஸ்பத்திரியில அக்கா கண்ணு முழிச்சா அத்தான். என்னயப் பாத்துட்டு, 'பரீட்ச எழுதிட்டியாலே'ன்னு கேட்டா. 'எழுதிட்டேன்க்கா, இப்பத்தான் முடிச்சிட்டு வாரேன்'னேன். சிரிச்சா. அந்தத் தாள நான் திரும்பப் போயி எழுதுனா, அன்னைக்கு எழுதலன்னு ஆயிரும்லா?